அத்தையைத் தேடி வந்த ஜீப்

கடலூர், சிதம்பரம் பக்கத்தில் திருநங்கைகள் பலருக்கு ரேஷன் அட்டை வாங்கித் தந்தவர் என்று என் அத்தையை இன்று மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறார்கள். அவருடைய சொந்த அட்டைக்கே உலை வைக்கப் பார்த்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அத்தை, அப்பாவின் தம்பியாகப் பிறந்தவர். பத்து வருடம் எங்கெங்கோ இருந்துவிட்டு, சுனாமிக்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த தொகுப்பு வீட்டு வாசலில் ஒருநாள் புடவையோடு வந்து நின்றார். அப்பா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அம்மாதான் சோறு போட்டுவிட்டு, "இனிமே அத்தைன்னு கூப்புடு" என்றாள்.

பகலில் அத்தை தெருவில் இறங்கமாட்டார். விடியுமுன் போவார், இருட்டியபின் வருவார். வெளியூரில் யாரோ ஒரு போலீஸ்காரர் லத்தியால் அடித்ததில் ஒருமுறை கை வீங்கி வந்தார். அன்றிலிருந்து அம்மா எனக்குச் சொல்லிவைத்தது ஒன்றுதான். "யாராச்சும் வந்து கேட்டா, அப்புடி யாரும் இங்க இல்லன்னு சொல்லிடு."

கால்பரீட்சை லீவு. அப்பா கடலுக்கும் அம்மா மீன் விற்கவும் போயிருந்தார்கள். அத்தை பின்கட்டுக் குளியலறையில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஃபைலோடு ஒருவரும் காக்கிச் சட்டையில் ஒருவரும் இறங்கி, எங்கள் வீட்டை நோக்கி நடந்தார்கள்.

பின்னால் ஓடிக் குளியலறைக் கதவை வெளியே தாழிட்டேன்.

"ஏன்டி தாப்பா போட்ற?"

"பேசாதீங்க அத்த. போலீஸு."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றுபோனது.

ஃபைல்காரர் அத்தையின் பெயரைச் சொல்லி, "இந்த வீட்லதான் இருக்காங்களா பாப்பா?" என்று கேட்டார்.

"இல்ல சார். அப்புடி யாரும் இல்ல."

அவர் ஏதோ எழுதிக்கொண்டு திரும்பினார்.

கதவைத் திறந்து, போலீஸை அனுப்பிவிட்டதைப் பெருமையாகச் சொன்னேன். அத்தை, "கையில ஃபைல் வச்சிருந்தாரா?" என்று மட்டும் கேட்டார். முகம் வெளுத்துவிட்டது. "அய்யய்யோ, கார்டு விசாரணைடி அது! நாலு தடவ மனு குடுத்து இப்பதான் வந்திருக்காங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டு ஈரத்தலையோடு வாசலுக்கு வந்தவர், அங்கேயே நின்றுவிட்டார். தெரு நெடுக ஆண்கள் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் ஜீப் உறுமியது. ஓடினோம். யாரோ விசிலடித்தார்கள். யாரோ அவருடைய பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தார்கள்.

"சார், நிறுத்துங்க சார்! அது நான்தான்."

ஃபைல்காரர் என்னைப் பார்த்தார். "இப்பதான யாரும் இல்லன்ன? இவுங்க யாரு?"

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த காக்கிச் சட்டைக்காரரும் என்னையே பார்த்தார். விசாரணை என்றாலே எனக்குப் போலீஸ்தான். சொன்னால் அத்தையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். சொல்லாவிட்டால் பொய் சொன்னதற்கு என்னையும் சேர்த்துப் பிடிப்பார்கள். அத்தை எதுவும் சொல்லித்தரவில்லை.

"எங்க அத்த" என்றேன். காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று அழுகை பீறிட்டது.

அவர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். ஜீப் அத்தையை ஏற்றாமலே போய்விட்டது.

"சீக்கிரம் வாங்க அத்த" என்று கையை இழுத்தேன். தெருவே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தையோ ஈரக் கூந்தலை உதறி விரித்துவிட்டு, வலைக்காரர்களுக்கு நடுவே, பட்டப்பகலில், அடிமேல் அடி வைத்து நடந்தார். ஓடி ஒளியவேண்டிய நேரத்தில் இவர் ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறார் என்று எனக்குப் புரியவேயில்லை.