வாத்துகளை எண்ணினேன், எலிகளை மயக்கினேன்

ஆராய்ச்சி உதவியாளர் வேலை என்பது அடுத்தவர் கேள்விக்காக நாம் காத்துக் கிடப்பது. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. ஒப்பந்தத்தில் காலம் தள்ளும் நண்பர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கணக்கு தப்பியது

முதல் வேலை பாகூர் ஏரியில், காட்டு வாத்துக் கணக்கெடுப்பு. விடியற்காலையில் கரையில் நின்று, குளிர்காலத்துக்கு வலசை வரும் ஊசிவால் வாத்துகளைத் தொலைநோக்கியில் பார்த்து எண்ணி எழுத வேண்டும். ஒருநாள் எண்ணி முடித்து இறங்கும்போது, எதிரே சைக்கிளில் ஒருவர் வந்தார். ஹாண்டில்பாரில் ஒரு கோணி தொங்கியது. அதற்குள்ளிருந்து நீளமான வால் இறகு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். வனத்துறைக்குப் போன் செய்ய வேண்டும் என்று நினைத்தேனே தவிர, செய்யவில்லை. அவர் பயப்படவும் இல்லை. என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எத்தினி எழுதினீங்க சார்? இதுல நாலு இருக்குது, கழிச்சிக்குங்க."

வராதவை

குருவிநத்தம் கலியபெருமாளுக்கு ஏரிக்கரையோரம் நிலம். விதைத்த நெல்லை வாத்து தின்றுவிடுகிறது என்று, வாத்துக்கு நான்தான் சொந்தக்காரன் போல என்னைத் திட்டுவார். அடுத்த பருவத்தில் வாத்துகள் ரொம்பக் குறைந்துபோயின. அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"ஏன் தம்பி வரல? தண்ணி கெட்டுப்போச்சா? எங்க நிலத்துக்கும் அதே தண்ணிதான்" என்றார். வேறு எங்காவது நல்ல மழை பெய்து அங்கேயே தங்கியிருக்கலாம், இரண்டு பருவக் கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றேன். அவர் என் தொலைநோக்கியைக் காட்டினார். "ரெண்டு வருஷமா கண்ணாடி வெச்சிப் பாத்த உனக்கே தெரியலன்னா, நான் யாரப் போய்க் கேக்கறது?"

சுற்றும் எலி

அந்தத் திட்டம் முடிந்ததும் அரியூர்ப் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். வயதான சுண்டெலிகளுக்கு மயக்க வாயு கொடுத்தால் ஞாபகம் கெடுகிறதா என்று பார்ப்பது வேலை. தொட்டித் தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மேடை இருக்கும். அது இருக்கும் இடத்துக்கு நீந்திப் போக எலியைப் பழக்குவோம். பிறகு மயக்கம் கொடுத்து, தெளிந்ததும் மறுபடி நீந்த விடுவோம்.

கூண்டு கழுவும் அஞ்சலாட்சி அக்காவின் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆகியிருந்தது. அதிலிருந்து, என்றோ செத்துப்போன அண்ணனை "வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். கொஞ்ச நாளில் சரியாகும் என்றார்கள். ஆகவில்லை. ஒருநாள், மயக்கம் தெளிந்த எலி ஒன்று மேடை எங்கே என்று தெரியாமல் தொட்டியில் சுற்றியது; அக்கா கழுவுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு அருகே வந்து நின்றார். "நேத்து வழி தெரிஞ்ச எலிதான சார்? இன்னிக்கு ஏன் இப்பிடி சுத்துது?"

தெளிந்தது

சில நாள் கழித்து, அதே எலி நேராக மேடைக்கு நீந்திப் போய் ஏறியது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் அதற்காகவே ஒரு கூண்டைத் தேய்த்துக் கழுவி, உமி பரப்பி எடுத்து வந்தார். அதற்குள் நான் அந்த எலியைக் கொன்று மூளையை எடுத்திருந்தேன். அதுதான் ஆய்வு முறை. சொன்னேன். கூண்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு மாதத்தில் அவர் வேலையை விட்டார். வீட்டுக்காரரைத் தனியாக விட முடியவில்லை. கடைசி நாள் சாவியைக் கொடுக்கும்போது, அந்த மூளையில் என்ன தெரிந்தது என்று கேட்டார். ஞாபகம் திரும்பிய எலியின் மூளைக்கும் திரும்பாத எலியின் மூளைக்கும் எங்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை என்றேன். "அப்ப நான் வூட்டுல போய் இன்னான்னு சார் சொல்றது?"

"மேலும் ஆய்வு தேவை" என்று அறிக்கையில் எழுதுவது எவ்வளவு சுலபமோ, அதையே கேள்வி கேட்டவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது அவ்வளவு கஷ்டம்.