யன்னல் பக்கத்துக் காது

ட்ராம் நகரத் தொடங்குமுன்னரே பீலிக்ஸ் அண்ணை மேல் யன்னலைச் சரித்துத் திறந்துவிட்டார். மார்ச் மாதக் காலை, வெளியே இரண்டு பாகைக் குளிர். பின்னால் இருந்த மூதாட்டி சால்வையை இறுக்கிக்கொண்டு ஜேர்மனில் முணுமுணுத்தார். அண்ணை திரும்பி, "மன்னிக்கவும் அம்மா, ஒரு குருவிக்காகத்தான்" என்று அதே மொழியில் பணிவாகச் சொல்லிவிட்டு, வலது காதை அந்த இடைவெளிக்கு நேரே வைத்துக்கொண்டார். அந்த இருக்கை அவருடையது. போன வருடம் தெரியாத்தனமாக நான் அதில் போய் உட்கார்ந்துவிட்டேன். "நடேசன், எழும்பும். அது இருக்கிற இடமில்லை, கேக்கிற இடம்" என்றார்.

அவருடைய சனிக்கிழமைகளெல்லாம் ஹாலே நகரத்து ட்ராம் தடங்களில்தான். கிழமைக்கு ஒரு தடம். கடைசித் தரிப்புவரை போய் இறங்குவது, அங்கிருந்து தரிப்புத் தரிப்பாக நடந்து திரும்புவது, கால் உளைந்தால் மட்டும் மறுபடி ஏறுவது. மன்னார் மனிதர், வயது அறுபத்தாறு, இங்கே வந்து முப்பத்தைந்து வருடம். நான் அவருடைய மேல்வீட்டுக்காரன். எனக்குச் சீனி வருத்தம், டொக்டர் நடக்கச் சொன்னார், அதனால் கூடப் போகிறேன். மெய்யைச் சொன்னால், கடைசித் தரிப்புகளில் இருக்கும் பேக்கரிகளுக்காகவும்தான் போகிறேன். இதை என் மனைவி வாசிக்காமல் இருக்கவேண்டும்.

ஜேர்மன் பறவைகளுக்கெல்லாம் அவர் தமிழில் பெயர் வைத்திருக்கிறார். வாலை நிமிர்த்திக்கொண்டு புதருக்குள் பாயும் ஒரு பொடிக் குருவியை ஜேர்மன்காரர் 'வேலியின் அரசன்' என்கிறார்கள். அண்ணைக்கு அது வேலிராசா. "எங்கட ஆக்களைப் போலத்தான். ஆள் சின்னன், வேலியெண்டு வந்திட்டால் சத்தம் ஊரைத் தூக்கும்" என்பார். ஆறு கிராம் நிறையுள்ள இன்னொன்றுக்குத் தலையில் மஞ்சள் கோடு. ஜேர்மன் பெயரை அப்படியே தமிழாக்கி, அது பொன்சேவல். "இத்தினூண்டுக்கு என்ன அண்ணை சேவல்?" என்று கேட்டேன். "பேரை வச்சவன் ஜேர்மன்காரன், அவனைப் போய்க் கேளும்."

தெருக்களையும் அவர் விடுவதில்லை. அழைப்புமணிப் பலகையில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒருமுறை பதினொரு மாடிக் கட்டடத்தில் கூடு வைத்த வல்லூற்றைப் பார்க்கத் தொலைநோக்கியை உயர்த்தினார். ஒன்பதாம் மாடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், பொலிசைக் கூப்பிடப் போவதாகக் கத்தினாள். நான் நழுவப் பார்த்தேன். இந்த மனிதர் அவளைக் கீழே வரச்சொல்லித் தொலைநோக்கியைக் கையில் கொடுத்தார். இப்போது குஞ்சு பொரித்தால் அவளே தொலைபேசியில் சொல்கிறாள். தோட்டக் காணிகள் பக்கம் போனால் ஒரு வியட்நாம்காரி கங்குன் கீரை பிடுங்கித் தருவாள். குருவி பார்க்கப் போன மனிதர் கீரைக்கட்டோடு வீடு திரும்புவார்.

எல்லாவற்றுக்கும் மேல் அவருடைய பெருமை காதுதான். ஓடும் ட்ராமுக்குள் இருந்து கேட்டு, "வேலிராசா! இறங்கும், இறங்கும்!" என்று என்னைத் தள்ளிக்கொண்டு இறங்குவார். இருபத்தேழு வருடம் போத்தல் நிரப்பும் தொழிற்சாலையில் வேலை. காதுமூடி போடாமல் உள்ளே நிற்க முடியாத இரைச்சல். ஆனால் கூரையில் கருஞ்சிவப்பு வாலன் என்றொரு குருவி பாடும். "அதுக்காக வலப்பக்கத்து மூடியை மட்டும் கொஞ்சம் தூக்கி விடுவன்" என்று சிரித்துக்கொண்டு சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது.

அவருடைய மனைவி பேர்பெச்சுவா அக்காவுக்கும் வராது. "ரீவியைப் போட்டாரெண்டால் கீழ்வீட்டுக்காரி ஏறி வாறா. காது டொக்டரிட்டை நாள் குறிச்சு மூண்டு டெர்மின் எடுத்தன், மூண்டுக்கும் போகேல்லை" என்று படியில் மறித்து என்னிடம் முறையிட்டார். அண்ணையைக் கேட்டால், "எனக்கென்ன வருத்தம்? இவதான் மெல்லக் கதைக்கிறா" என்கிறார். அக்கா மெல்லக் கதைத்து நான் கேட்டதில்லை.

அண்ணையின் கவலை வேறு. நகரின் தெற்கே, கல்லறைகளுக்கிடையே பெருமரங்கள் நிற்கும் பழைய சவக்காலையில் பொன்சேவல் இல்லாமல் போய்விட்டது. குறிப்புப் புத்தகத்தில் மூன்று வருடமாக அந்தப் பெயருக்கு நேரே 'இல்லை, இல்லை, இல்லை'. நிர்வாகம் சில ஊசியிலை மரங்களைத் தறித்ததுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டார். காய்ந்த மரத்தைத்தான் தறித்தார்கள் என்று சொன்னாலும் கேட்கமாட்டார். இரண்டு பக்கத்துக்குக் கடுமையான முறைப்பாட்டுக் கடிதம் எழுதி, அந்த மார்ச் காலை சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார். கடைசியாக ஒருதரம் பார்த்துவிட்டுக் நிர்வாகக் கந்தோரின் தபால்பெட்டிக்குள் போடுவதாகத் திட்டம். நான் அந்தச் சவக்காலைக்குள் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை.

"அந்தக் குருவியைக் கண்ணாலை தேடினால் ஒருநாளும் பிடிபடாது, காதாலை தேடவேணும். ஈர விரலைக் கண்ணாடியிலை தேய்க்கிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம்" என்று சொல்லிவிட்டு, ஒரு பெரிய மரத்தின் கீழே கண்ணை மூடி நின்றார். நானும் நின்றேன். ஒரு நிமிடம் போயிருக்கும். "பாத்தீரே? செத்த வீடு மாதிரிக் கிடக்கு" என்றார்.

அவர் தலைக்கு நேர் மேலே ஈர விரல் கண்ணாடியில் தேய்ந்துகொண்டிருந்தது.

பேசாமல் இருந்தால் கடிதம் பெட்டிக்குள் போகும், அவருடைய பெருமையும் அப்படியே இருக்கும். சொன்னால் அந்தக் காதை நான் பிடுங்கி எடுத்த மாதிரி. அவர் கடிதத்தை வெளியே எடுத்தார். இந்த மனிதர் ஊரார் முன் பிழைகாரனாக நிற்பதை என்னால் பார்க்க ஏலாது.

"அண்ணை, மேலை பாருங்கோ. இரண்டாவது கொப்பு, நுனியிலை."

"என்ன?"

"கேக்குது, அண்ணை."

அவர் தொலைநோக்கியை உயர்த்தினார். தலையில் மஞ்சள் கோடு. அலகு திறந்து மூடித் திறந்துகொண்டிருந்தது. அவர் வலது காதைத் திருப்பினார், பிறகு இடது காதை. தொலைநோக்கியை இறக்கவேயில்லை.

"இப்பவும் பாடுதோ?"

"ஓம் அண்ணை. நிப்பாட்டேல்லை."

"அப்ப மூண்டு வருசமும் இங்கைதான் நிண்டிருக்கு" என்றார். கடிதத்தை நாலாகக் கிழித்தார். "பாவம், பிழை செய்யாத சனத்தைத் திட்டி எழுதிப்போட்டன்." வாசலில், "மனிசி புதன்கிழமைக்கு ஒரு டெர்மின் எடுத்து வச்சிருக்கிறா. போறன்" என்றார்.

திரும்பும் ட்ராமில் ஏறியதும் வழக்கம்போல மேல் யன்னலைச் சரித்துத் திறந்தார். உட்காரவில்லை.

"இரும்" என்றார்.

"அது உங்கட இடமெல்லோ, அண்ணை."

தோளைப் பிடித்து என்னை யன்னலோரம் இருத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். குறிப்புப் புத்தகத்தைத் தொடையில் விரித்து, பென்சில் நுனியை நாக்கில் தொட்டு எடுத்துக்கொண்டு, என் வாயையே பார்த்தபடி இருந்தார்.