தம்பி அழக்கூடாது

1. தம்பியின் குடலிறக்க ஆபரேஷனுக்காக நாங்கள் நால்வரும் எங்கள் மலையூரான ஜெகதளாவிலிருந்து கோயம்புத்தூர் போனோம்.
2. அவனுக்குக் குளுக்கோஸ் தண்ணீர் கிடைத்தது.
3. அவன் அழுதான்.
4. அம்மா அவனோடு உள்ளே போனாள்.

தம்பிக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு. அழுதால் உதடு நீலமாகிவிடும். அதனால் அவனை அழவிடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். என் கலர் பென்சில், பஸ்ஸில் ஜன்னலோரம், பன்னின் மேல் ஒட்டிய சர்க்கரை எல்லாமே அந்தச் சட்டப்படி அவனுக்கு. கண்ணாடி முன் மூச்சைப் பிடித்து நின்று பார்த்திருக்கிறேன். என் உதடு சிவப்பாகவே இருந்தது.

தேயிலை விலை விழுந்து, அப்பா வேலை பார்த்த ஃபேக்டரி மூடிக்கிடந்த காலம். முன்பு என் பள்ளி ஆண்டு விழாவுக்கு லீவு கிடைக்காத அப்பா இதற்கு மட்டும் வந்தாரே என்று அதற்கும் பொருமினேன்.

ஆபரேஷன் அன்று காலையில் அவனுக்குச் சாப்பாடு கிடையாது. ஆனால் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா, நா வறளவிடக் கூடாது என்று குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

“எனக்கு?”

“நாலு இட்லி தின்னுபோட்டு அதுவும் வேணுமா புள்ள?” என்றாள் அம்மா.

ஆபரேஷன் தியேட்டருக்குத் தூக்கிப்போக நர்ஸ் வந்ததும் அவன் வீறிட்டான். உதடு கருநீலமானது. டாக்டரம்மா ஓடிவந்தார்.

“முழங்கால மடக்கி நெஞ்சோட அழுத்திப் புடிங்கம்மா. அப்படியே உள்ள வாங்க.”

“அழுவாத சாமி, அம்மா இருக்கறேன்ல” என்று அவனைச் சுருட்டி அணைத்தபடி அம்மா போனாள். கதவு மூடியது.

“எனக்குப் பல்லுப் புடுங்கறப்ப மட்டும் அம்மா வெளியவே நின்னாங்க” என்றேன்.

“உனக்கு நெஞ்சு நல்லா இருக்குது கண்ணு” என்றார் அப்பா. அது எனக்கு ஒரு சமாதானமாகவே படவில்லை.

இன்று நான் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்துப் பிரிவு டெக்னீஷியன். அம்மாவின் அந்தப் பிடி கொஞ்சல் அல்ல, வைத்தியம். முழங்காலை அப்படி மடக்கினால் நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் போகும், நீலம் குறையும்.

அன்று அவன் மயங்கியதும் அம்மா வெறும் கையோடு வெளியே வந்தாள். என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மடியில் வைக்கும் வயதை நான் தாண்டியிருந்தேன். என் கால்கள் தரையில் இடித்தன. விலா வலிக்கும்படி இறுக்கினாள். நான் அசையவில்லை. ஒருவழியாக என் முறை வந்துவிட்டது என்று நினைத்தேன். அவன் கண் திறப்பானா என்று தெரியாத அந்த நேரத்தில், பிடித்துக்கொள்ள அவளுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது என்பது எனக்குப் புரியவில்லை.

தம்பி கண் திறந்தான். பிறகு இதயத்தையும் சரிசெய்தார்கள். இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறான். அம்மா தினமும் முதலில் அவனுக்குத்தான் போன் செய்கிறாள்.