மயிலம்மணி

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமாகி உடுமலைப்பேட்டை பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்குப் போன முதல் வருடம் நடந்தது இது. நான் காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவள். எத்தனை ஹாரன் அடித்தாலும் நிம்மதியாகத் தூங்குவேன். தோட்டத்து அமைதிதான் என்னைப் படுத்தியது.

போன நாலாம் நாள் சாயங்காலம், தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் உயிர் போகிற மாதிரி கத்தினாள். வீட்டில் யாருமில்லை. நான் வாசலுக்கு ஓடி, "ஐயோ, யாரையோ கொல்றாங்க, ஓடியாங்க!" என்று நானும் கத்தினேன். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அரிவாளும் தடியுமாக ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். வேலியில் உட்கார்ந்திருந்த மயில் எல்லோர் முன்னாலும் இன்னொரு முறை கத்திவிட்டுப் பறந்து போனது.

அன்றிலிருந்து என் பெயர் 'மயிலம்மணி'. தேங்காய் பறிக்க வருகிறவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். கேலி செய்யாத ஒரே ஆள் என் கணவரின் அண்ணன் மனைவி. அக்கா என்று கூப்பிடுவேன். "பயந்துபோட்டியா கண்ணு? ஒண்ணு கத்துனா இன்னொண்ணு பதிலுக்குக் கத்தும். அதுக கூப்புட்டுக்கறது, அவ்வளவுதான். நல்லாக் கேட்டுப் பாரு" என்றார்.

கேட்டுப் பார்த்தேன். உண்மைதான். கிழக்கே ஒன்று கத்தினால், கொஞ்ச நேரத்தில் வாய்க்கால் பக்கமிருந்து இன்னொன்று. பயம் போனது. போனதோடு நிற்காமல் கொஞ்சம் திமிரும் வந்தது. பார்க்க வந்த என் தங்கை அலறியபோது, "மயில்டி" என்று பெரிய ஆள் மாதிரி சிரித்தேன்.

ஆடிக் காற்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள். ஆண்கள் பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு பார்க்கப் போயிருந்தார்கள். அந்த வாரம் மோட்டாருக்குக் கரண்ட் பகல் பதினொரு மணிக்கு வரும். "நான் போயி மோட்டாரப் போட்டுட்டு வாரேன். நீ கொழம்பப் பாத்துக்க கண்ணு" என்று அக்கா கிணற்றுக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் கேட்டது. காற்றில் அறுந்து அறுந்து வந்தது. மயில் என்று நினைத்து, புளியைக் கரைத்து ஊற்றினேன். மறுபடியும் கேட்டது. என்னவோ சரியில்லை, என்னவென்றுதான் தெரியவில்லை. ரேடியோவை நிறுத்தினேன். வாசல் வரை போனேன். திரும்பவும் ஊர் சிரிக்குமே என்று உள்ளே வந்தேன். மறுபடி வாசல், மறுபடி அடுப்படி. குழம்பு அடிப்பிடித்து நாறியது. அதை இறக்கக்கூடத் தோன்றவில்லை.

மூன்றாவது முறை குரல் வந்தபோதுதான் உறைத்தது. எந்த மயிலும் பதிலுக்குக் கத்தவில்லை. மோட்டார் ஓடுகிற சத்தமும் இல்லை.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். எங்கள் கிணற்றில் மோட்டார் பாதி ஆழத்தில் ஒரு திட்டின் மேல் இருக்கும். அங்கே இறங்கிய அக்கா படியில் வழுக்கி விழுந்து, கால் ஒடிந்து, கழுத்தளவு தண்ணீரில் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் நீச்சல் தெரியாது, எனக்கும் தெரியாது.

பக்கத்துத் தோப்பில் தேங்காய் பறித்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டேன். மரத்து மேலிருந்து ஒருவர், "ஏனுங் மயிலம்மணி, இன்னைக்கு எத்தன மயிலுங்க?" என்றார். கீழே நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அழுதுகொண்டே என்ன கத்தினேனோ தெரியாது, மரத்திலிருந்தவர் சறுக்கிக்கொண்டே இறங்கினார். கயிற்றுக் கட்டிலின் நான்கு காலிலும் வடம் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, அக்காவை அதில் கிடத்தி மேலே தூக்கினார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியில் அக்காவின் தலை என் மடியில் இருந்தது. "மொத தடவ கூப்புட்டப்பவே கேட்டுச்சா கண்ணு?" என்றார்.

பொய் சொல்லத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை. "கேட்டுச்சுங்க்கா. மயிலுன்னு இருந்துபோட்டேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு, குழாயைப் பிடித்திருந்த அதே பிடியாக என் கையைப் பிடித்துக்கொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது எனக்கு.

அவர் நடக்க ஆறு மாதம் ஆனது. குரல் கேட்டும் நான் உள்ளேயே இருந்ததை வீட்டில் ஒருவரிடமும் அவர் சொன்னதில்லை. நானும் இத்தனை நாள் சொன்னதில்லை.

இன்றும் மயில் கத்தினால் பயமில்லை. ஆனால் கையிலிருக்கிற வேலை தானாக நின்றுவிடும். எங்கிருந்தாவது இன்னொரு மயில் பதில் சொல்கிற வரைக்கும் என்னால் உட்கார முடிவதில்லை.