ஆமை ஏறும் கரையில் நானும் என் சாக்கும்

கடற்கரையில் குப்பை பொறுக்குவது முடிவே இல்லாத வேலை. நான் முதுகைத் திருப்பினால் ஒரு பக்கம் கடல் போடும், மறுபக்கம் மனிதர் போடுவார்கள். இப்போதுதான் கூட்டிய முற்றத்தில் யாரோ கச்சான் கடலைக் கோதைக் கொட்டிவிட்டுப் போனதைக் கண்டு பல்லைக் கடித்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் என் இனம்தான். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

காத்தான்குடியிலிருந்து எங்கள் ஆரையம்பதி வரை நீளும் கரையில் கடலாமைகள் முட்டையிட ஏறும். அவை ஏறும் இடத்தைச் சுத்தமாக வைத்திருக்க ஒரு சிறிய அமைப்பு எங்கள் இருவரை வேலைக்கு வைத்திருக்கிறது. ஒருத்தி நான், புவனா. மற்றவர் காத்தான்குடி நஸீமா ராத்தா. என்னைவிட மூத்த அக்கா, அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நானே பேசிவிடுகிறேன்.

மினுங்கிய மணல்

ஒரு ஞாயிறு காலை போய்ப் பார்த்தால் மணல் முழுக்க மினுங்குகிறது. முதல்நாள் பின்னேரம் யாரோ பிறந்தநாள் கொண்டாடியிருக்கிறார்கள். குழாயைத் திருகினால் 'டப்' என்று வெடித்து மினுங்கல் தாள் பறக்குமே, அந்தச் சாமான். அதுவும் ஆமை முட்டையிட்ட இடத்தை வளைத்து நாங்கள் கம்பு நட்டு வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில். நஸீமா ராத்தா வீட்டுக்குப் போய் மா அரிக்கும் அரிதட்டை எடுத்துவந்தார். வெயில் உச்சிக்கு ஏறும்வரை இருவரும் குந்தியிருந்து மணலை அரித்தோம். உள்ளங்கையில் ஒட்டினால் உதறினாலும் போகாது. கடலில் விழுந்தால் மீனுக்கு அது இரை மாதிரித்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து, கொண்டாடிய கூட்டத்தில் ஒரு பிள்ளை, விட்டுப்போன செருப்பைத் தேடி வந்தாள். நல்ல பிள்ளைதான், சிரித்த முகம். "ஏன்கா இப்பிடிக் கஷ்டப்படுறீங்க? சின்னச் சின்னத் துண்டுதானே, காத்துக் கொண்டுபோயிடும்" என்றாள். எங்கே கொண்டுபோகும் என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல் கையை நீட்டிக் காட்டினாள்:

"இந்தா, கடலுக்குத்தான்!"

வடிவான வாளி

கரையில் குப்பை வாளி இல்லாததால்தான் சனம் மணலில் போடுகிறது என்று எங்கள் அமைப்பின் கூட்டத்துக்குக் கூட்டம் நான் எழும்பிச் சொன்னேன். கடைசியில் மூடி போட்ட பச்சை வாளிகள் வந்தன. அடுத்த கிழமையே ஒன்றைக் காணவில்லை. தேடிப் போனால், கரையோரம் குளிர்பானம் விற்பவர் அதைக் கழுவித் துடைத்து ஐஸ் நிரப்பி, சோடாப் போத்தல்களை அடுக்கி வைத்திருக்கிறார். அவர் கடையைச் சுற்றிக் காலி போத்தல்கள் கிடக்கின்றன. வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, இது குப்பை போட வைத்த வாளி என்று சொன்னேன். அவரோ என்னை விளங்காதவளாகப் பார்த்தார்:

"இவ்வளவு வடிவான வாளிக்குள்ள ஆர் தங்கச்சி குப்பை போடுவான்?"

வட்டையிலிருந்து வந்தது

மாரி மழைக்கு வாவி நிரம்பி, மணல் அடைத்த முகத்துவாரத்தை வெட்டிவிட்டால், அது தன் வயிற்றில் கிடந்ததையெல்லாம் கடலில் கக்கும். கடல் அதை எங்கள் கரையில் கக்கும். உரப்பை, கிருமிநாசினிப் போத்தல், ஒற்றைச் செருப்பு, ஒரு முறை முழு மெத்தை. போத்தல்களை எடுத்து ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும். தெரியாமல் உள்ளே புகுந்து, வழுக்கி வழுக்கி, வெளியே வர வழியில்லாமல் காய்ந்துபோன நண்டுகள்.

கரடியனாற்று வட்டையில் வயல் செய்யும் என் கணவரின் பெரியப்பா மகன் வீட்டுக்கு வந்திருந்தபோது, அப்படி ஒரு போத்தலை அவர் முன்னால் வைத்தேன். எந்த மருந்து, எந்தப் பூச்சிக்கு அடிப்பது என்று பார்த்தவுடனேயே சொன்னார். அடித்து முடித்தபின் போத்தலை என்ன செய்வீர்கள் அத்தான் என்று கேட்டேன். எனக்குப் புத்தி சொல்லும் குரலில் பதில் வந்தது:

"வட்டைக்குள்ள கிடந்தா ஆரும் மிதிச்சாக் காலை வெட்டிப் போடுமே புள்ள, அதான் கவனமா ஆத்தில விட்டுடுவன்."

உத்தியோகம்

என் மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தது. தரகர் நல்ல மனிதர், தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே எல்லாம் விசாரித்தார். தாய் என்ன செய்கிறார் என்ற இடத்தில் நான் உள்ளதைச் சொன்னேன். கோப்பை வாய்க்குப் போகாமல் நடுவில் நின்றது. "கடல்வள உத்தியோகத்தர் எண்டு சொல்லுவமே" என்றார். பொய் சொல்லி என் பிள்ளைக்குக் கலியாணம் வேண்டாம் என்று நான் சொன்னது உள்ளே இருந்த மகளுக்கும் கேட்டிருக்கும். மணலில் போட்டவர் யாருக்கும் வராத வெட்கம், அதைப் பொறுக்கிய எனக்கு ஏன் வரவேண்டும்? மகள் வாசலுக்கு வந்து, குரலை உயர்த்தாமல் தரகரிடம் சொன்னாள்:

"மாமா, அம்மாட வேலைய மறைக்கச் சொல்லுற வீட்டில நான் எதையெல்லாம் மறைச்சி வாழணும் எண்டும் கேட்டுக்கொண்டு வாங்க."

கமரா வந்த நாள்

ஏதோ ஒரு விசேஷ தினத்துக்குப் பெரிய ஆட்கள் கரையைச் சுத்தம் செய்ய வருகிறார்கள் என்று செய்தி வந்தது. மரியாதைக்குறைவாக இருக்கக்கூடாதே என்று நாங்கள் முதல்நாளே குனிந்த தலை நிமிராமல் அந்த இடம் முழுவதையும் பொறுக்கி, சாக்குகளைக் கட்டி வைத்தோம். காலையில் வந்த ஒழுங்கமைப்பாளர் தம்பி மணலைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். பொறுக்க ஒன்றும் இல்லையாம். கட்டி வைத்த சாக்கில் இரண்டை அவிழ்த்துக் கொட்டச் சொன்னார். நான் முடியாது என்றேன். அவரே அவிழ்த்துக் கொட்டினார்.

காற்று சும்மா இருக்குமா? சொப்பிங் பேக் எல்லாம் பட்டம் மாதிரி எழும்பின. வெள்ளைக் கையுறை போட்டவர்கள் ஆளுக்கொரு போத்தலைப் பிடித்தபடி சிரித்தார்கள். நானும் ராத்தாவும் பறப்பதைப் பிடிக்க அவர்களுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தோம். அலைக்குள் போனது போனதுதான். எல்லோரும் வாகனம் ஏறியபின் அந்தத் தம்பி, எங்களைச் சந்தோஷப்படுத்த நினைத்து, போனைக் காட்டினார்:

"படம் நல்லா விழுந்திருக்கு அக்கா, பின்னால ஓடின உங்க ரெண்டு பேரையும் மட்டும் வெட்டிட்டம்."

முடிச்சு

கடல் கொந்தளித்து அடங்கிய ஒரு விடியல். தூரத்தில் வலைக்குவியல் ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. கிட்டப் போனால் குவியல் மூச்சு விட்டது. பெரிய ஆமை. நைலோன் இழைத் தங்கூசி வலை கழுத்தைச் சுற்றி, முன்துடுப்பைச் சுற்றி, சதைக்குள் இறங்கியிருந்தது. கண்ணோரம் நீர் வடிந்தபடி இருந்தது. ஆமைக்கு அது உப்பை வெளியேற்றும் வழி என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். தெரிந்திருந்தும் என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

ராத்தா ஈரச் சாக்கை அதன் முதுகில் போட்டு, கையால் கடல்நீர் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார். நான் மீனவர் வாடிப் பக்கம் ஓடி, மரியதாஸ் அண்ணனைக் கூட்டிவந்தேன். வாழ்நாள் முழுக்கக் கடலில் கிடந்தவர். எங்களைக் காணும்போதெல்லாம் 'கடலுக்குத் தலை சீவுறவங்க வாறாங்க' என்று பகிடி பண்ணுகிறவரும் அவர்தான். கத்தியோடு வந்தார். அதற்குள் சனம் கூடிவிட்டது. ஆளுக்கொரு போன். ஒரு தகப்பன் தன் குழந்தையைத் தூக்கி, படம் எடுப்பதற்காக ஆமையின் முதுகில் இருத்தப் போனார். அவ்வளவுதான். எனக்குள் இத்தனை காலமும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. என்ன சொன்னேன் என்று எனக்கே முழுதாக நினைவில்லை. அந்த மனிதர் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் போனார், சனம் விலகியது, வாய் திறக்காத நஸீமா ராத்தாவும் "நல்லாக் கேளு புவனா!" என்றார்.

மரியதாஸ் அண்ணன் ஒவ்வொரு கண்ணியாகத் தோல் கிழியாமல் அறுத்தார். கடைசி இழை விட்டதும் ஆமை கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு காயப்பட்ட துடுப்பை இழுத்து இழுத்து, நாங்கள் மூவரும் இரண்டு பக்கமும் காவல் நிற்க, அலைக்குள் இறங்கியது. தலை ஒரு முறை தெரிந்தது. பிறகு இல்லை. பிழைத்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

நான் அழுதபடி அறுந்த வலையைச் சாக்குக்குள் திணித்தேன். மரியதாஸ் அண்ணன் அதில் ஒரு துண்டைப் பிடித்து நிறுத்தினார். கிழிந்த இடம் ஒன்று நீல நூலால் முடிச்சுப் போட்டுத் தைக்கப்பட்டிருந்தது. விரலால் அந்த முடிச்சைத் தடவித் தடவிப் பார்த்தார். பகிடி பண்ணும் அந்த வாய் கோணிக்கொண்டு போனது. என்னைப் பார்க்காமல், கடலைப் பார்த்தபடி சொன்னார்:

"இது என்ட கை போட்ட முடிச்சு புள்ள; கிழிஞ்சிட்டு எண்டு போன மாரியில நான்தான் கடலுக்குள்ள வெட்டி விட்டன்."

இவ்வளவுக்குப் பிறகும் நாளை விடிய நான் கரைக்குப் போவேன் என்றால், அது மனிதர் திருந்துவார்கள் என்ற நம்பிக்கையால் அல்ல, ஆமைகளுக்குச் சாக்குப் பிடிக்கக் கை இல்லை என்பதால்தான்.