டைரக்டருக்குப் பதிலாகக் குடித்தவள்

புசான் துறைமுகத்தில் மீன் குளிர்கிடங்குகள் வைத்திருக்கும் நம்குங் குடும்பத்துக்குப் பணத்தில் ஒரு குறையும் கிடையாது. இருந்த ஒரே குறை, வாரிசாக வந்த பிள்ளைக்குக் குடிக்க வராது. நம்குங் சோக் ஒரு சின்ன கிளாஸ் சோஜு சாராயத்தை உள்ளே விட்டால் போதும், முகம் மிளகாய் விழுது பூசியது மாதிரி சிவந்து, கழுத்தெல்லாம் அரிக்க ஆரம்பித்துவிடும். உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை. மானம்தான் போகும்.

மானம் போனால் வியாபாரமும் போகும். பெரிய படகு முதலாளிகள் தங்களோடு சேர்ந்து குடிக்காதவனிடம் ஒரு கூடை மீனைக்கூட நம்பிக் கொடுக்க மாட்டார்கள். அவன் கம்பெனிக்கு டைரக்டர் ஆன புதிதில் நடந்த விருந்தில், ஒரு கிழட்டு முதலாளி அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன தம்பி, உன்னைப் பொண்ணு பாக்கவா வந்திருக்கோம்? இப்பிடிச் செவக்கிற?"

மேஜையே சிரித்தது. அடுத்த கிளாஸ் நிரம்பியது. அப்போதுதான் மேஜைக் கோடியில் உட்கார்ந்திருந்த புதுச் செகரட்டரி தக் மி-ரான் கையை நீட்டி அவன் கிளாஸை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். நாம்ஹே தீவில் நெத்திலி பிடிக்கிறவரின் மகள் அவள். குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வறுத்த மீன் கிடைக்குமா என்று பரிமாறுகிறவளிடம் கேட்டாள்.

அந்த ஊர் விருந்துகளில் ஒரு வழக்கம் உண்டு: ஒருத்தர் கிளாஸை வேறொருத்தி குடித்தால் அவளுக்குக் கறுப்பு ரோஜா என்று பேர். கிளாஸுக்குச் சொந்தக்காரர் அவள் கேட்கும் வரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். முதலாளிகள் மேஜையைத் தட்டினார்கள். "கேளு, கேளு. கம்பெனியவே எழுதித் தரச் சொல்லு."

"அப்புறமா கேக்கறேன்," என்றாள் மி-ரான்.

அந்த அப்புறம் ஒன்பது வருஷம் வரவில்லை. ஒவ்வொரு விருந்திலும் அவள்தான் குடித்தாள். அவளை வேலைக்கு எடுத்தபோது டைப் அடிக்கத் தெரியுமா என்று கேட்டவர்கள், பிறகு அதைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஆபீஸில் அவளுக்கு 'டைரக்டரின் வயிறு' என்று பட்டப்பெயர். அவளும் சிரித்துக்கொள்வாள். சிரிக்காமல் என்ன செய்வது?

விருந்துக்கு மறுநாள் காலையில் நம்குங் சோக் தானே கார் ஓட்டிக்கொண்டு அவள் வீட்டு வாசலுக்கு வருவான். மீன் சந்தைக்குப் பின்னால் ஒரு குச்சுக்கடையில் போதைத் தலைவலி தெளிய ஆற்று மட்டி சூப் வாங்கித் தருவான். தலை வெடிக்கிற நிலையில் அவள் உட்கார்ந்திருக்க, பெரிய வீட்டுப் பிள்ளை ஒவ்வொரு மட்டியாகச் சதையைப் பிரித்து அவள் கிண்ணத்தில் போடுவான். கடைக்காரி, "புருஷன்னா இப்பிடி இருக்கணும்," என்பாள். இரண்டு பேரும் மறுத்துச் சொல்லவில்லை. குடிக்க விட்டவனே சூப்பும் வாங்கித் தந்தான். அதைக் காதல் என்று அவள் எடுத்துக்கொண்டாள். நான் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு அதுவரை யாரும் மட்டி பிரித்துக் கொடுத்ததில்லை.

அதே கடையில்தான் அவன் கல்யாணப் பேச்சை எடுத்தான்.

"தக் செகரட்டரி, நீங்க இல்லாம என்னால ஒரு விருந்துக்கும் போக முடியாது. பேசாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"சம்பளம் நின்னு போயிடுமே, சார்."

"சூப் நிக்காது."

அவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவன் சொன்ன முதல் வாக்கியத்தை அவள் கொஞ்சம் கவனித்துக் கேட்டிருக்கலாம்.

அந்த மாதமே அவளுக்குக் கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தைக் காட்டி, கல்லீரலில் பாதி தழும்பாகிவிட்டது என்றார். "இனிமே ஒரு சொட்டு கூடாது. பண்டிகை, கல்யாணம், சாவுன்னு எந்தச் சாக்கும் சொல்லக் கூடாது."

அவள் அதைக் காரில் வைத்து அவனிடம் சொன்னாள். அவன் ஓரமாக நிறுத்தி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நடிப்பில்லை, நிஜமான அழுகை.

"ஞாயித்துக்கிழமை உங்கம்மா சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்களே," என்றாள் மி-ரான். "மருமகளா வரப்போறவளுக்கு அவங்க கையாலதான் ஊத்துவாங்களாம். வேண்டாம்னு எப்பிடிச் சொல்றது?"

"சொல்ல வேண்டாம். நான் வாங்கிக் குடிச்சிடறேன். மூஞ்சி செவந்தா செவந்துட்டுப் போகுது. உங்க உடம்பு விஷயம் மட்டும் அம்மாவுக்கு இப்பத் தெரிய வேண்டாம். நோயாளின்னு நினைச்சிடுவாங்க."

கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்று சொன்னபோதுகூட அவளுக்கு இத்தனை சந்தோஷம் வரவில்லை. எனக்காக ஒருத்தன் ஒரு கிளாஸ் குடிக்கப் போகிறான் என்று அந்த வாரம் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சோக்கின் அம்மா கெட்டவளில்லை. மி-ரானைப் பக்கத்தில் உட்காரவைத்து, மீனில் முள் பார்த்துக் கொடுத்தாள். சாப்பாடு பாதி ஆனதும் தானே போட்டு வைத்திருந்த பச்சைப் பிளம் மதுவை எடுத்து வரச்சொன்னாள். கிளாஸில் விளிம்பு வரை ஊற்றி நீட்டினாள். பெரியவர்கள் ஊற்றினால் இரண்டு கையாலும் வாங்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் குடிக்க வேண்டும். மி-ரான் இரண்டு கையாலும் வாங்கினாள். குடிக்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

அவன் முள்ளங்கி ஊறுகாயைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"என்னம்மா," என்றாள் சோக்கின் அம்மா. "என் பிள்ளைக்காக அத்தனை வருஷம் குடிச்சவ, எனக்காக ஒண்ணு குடிக்க மாட்டியா?"

"குடிப்பாம்மா," என்றான் அவன் சிரித்துக்கொண்டே. "பாட்டிலையே முடிச்சிடுவா. படகுக்காரங்களே இவளைப் பாத்தா பயப்படுவாங்க."

மி-ரான் கிளாஸை அவன் பக்கம் நகர்த்தினாள். கொஞ்சம் மது விரலில் வழிந்தது.

"டைரக்டர் சார்," என்றாள். "நான் இதுவரைக்கும் ஒரு வரமும் கேட்டதில்ல. இப்பக் கேக்கறேன். இத நீங்க குடிங்க."

அம்மாவின் புருவம் ஏறியது. விருந்தில் ஆடுகிற ஆட்டத்தை இவள் என் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டு வந்துவிட்டாளே என்கிற பார்வை. மகன் அந்தப் புருவத்தைப் பார்த்தான். பிறகு மி-ரான் பக்கம் சாய்ந்து, ரொம்பப் பிரியமான குரலில், தாழ்ந்து சொன்னான்.

"ஒரு கிளாஸ்தானே, மி-ரான். அம்மா முன்னாடி வேண்டாமே. நாளையிலேருந்து விட்டுடலாம்."

அவளுக்கு உள்ளே எதுவோ விட்டுப்போயிற்று. வாதாடத் தோன்றவில்லை. முறைப்படி முகத்தைத் திருப்பி, அடி வரை குடித்தாள். திரும்பிப் பார்க்கும்போது அம்மா மகனுக்கு மீனை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

கேட் வரை வழியனுப்ப வந்தவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "அம்மாவுக்கு உங்களப் பிடிச்சுப் போச்சு. வசந்தத்துல கல்யாணத்த வச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"நான் உங்ககிட்ட ஒரே ஒரு கிளாஸ்தான் கேட்டேன், சார்."

"அதான் குடிச்சாச்சே," என்றான் அவன்.

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவனுக்குப் புரியவில்லை. அழுதால் அதற்கும் கைக்குட்டை எடுத்துக் கொடுப்பான் என்று அழாமல் நின்றாள். பிறகு செகரட்டரிகள் செய்கிற மாதிரி இடுப்பு வரை குனிந்து வணங்கினாள்.

"நாளையிலேருந்து நான் வேலைக்கு வரல, சார். கல்யாணத்துக்கும்தான்."

எப்போதும் போல் வேடிக்கை பண்ணுகிறாள் என்று நினைத்து, அவன் வாய்விட்டுச் சிரித்தான்.