கொக்கி பிடிக்கத் தெரியாத கொலைகாரன்

ஜெகதாப்பட்டினத்தை விட்டு இரண்டு கிலோமீட்டர் நடந்த பிறகுதான் கையில் ஐஸ் கொக்கி இருப்பதைக் கவனித்தேன். ஒரு முழ மரப்பிடி, நுனியில் வளைந்த இரும்பு. ஐஸ் பிளாண்டின் சொத்து. பையை எடுத்த அவசரத்தில் அதையும் சேர்த்து எடுத்துவிட்டேன். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் கொக்கியைப் பார்த்துவிட்டு ரோட்டின் மறு ஓரத்துக்குப் போனார். திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வரலாம் என்று ஒரு நிமிடம் நின்றேன். பிறகு பைக்குள் பிடியைச் செருகிக்கொண்டு நடந்தேன்.

யாரும் என்னை விரட்டவில்லை. காலை பதினொரு மணிக்கு அது நடந்தது, பன்னிரண்டுக்கு நான் ரோட்டில் இருந்தேன். பஸ்ஸுக்கு நின்றால் பிளாண்ட் ஆட்கள் பார்ப்பார்கள் என்பதால் நடை. கோட்டைப்பட்டினம் போய் அங்கே பஸ் ஏறி, கந்தர்வக்கோட்டை முந்திரிக்காட்டுக்குப் போய்விடலாம் என்று எண்ணம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து இப்படித்தான். செங்கல் சூளையிலிருந்து ஒரு மத்தியானம் கிளம்பினேன். போர்வெல் லாரியிலிருந்து ஒரு விடியற்காலையில் இறங்கி நடந்தேன். இருந்த இடத்தில் ஏதாவது கெட்டுப்போனால் அதைச் சரிசெய்வதைவிட நடப்பது எனக்கு எளிது.

இந்த முறை கெட்டது ஒரு சினிமாவால். அதனால் அந்தப் படத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

நான் பிறப்பதற்கு முன்பே வந்த தமிழ்ப் படம் அது. மலை பங்களா ஒன்றில் விருந்து. ஐஸ் கட்டி கொண்டுவரும் ஒருவன் பளிங்குத் தரையில் வழுக்கி விழுகிறான். விருந்துக்கு வந்த ஏழு பேர் சிரிக்கிறார்கள். எழுந்தவனை மறுபடி கட்டியைத் தூக்கச் சொல்லி, மறுபடி விழவைத்துச் சிரிக்கிறார்கள். அடுத்த வருடம் அதே ஏழு பேர் அதே பங்களாவுக்கு வருகிறார்கள். இவன் தலையில் திருஷ்டிச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் ஐஸ் கொக்கியோடு வருகிறான். கரி பூசிய சட்டி, அதில் சுண்ணாம்புப் புள்ளிகள், கண்ணுக்கு இரண்டு ஓட்டை. பேசினால் பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரியே கேட்கும். அதற்கு மட்டும் செலவில்லாமல் உண்மையான சத்தம் கிடைத்திருக்கிறது.

பயமே வராது. ரத்தம் ரோஸ் மில்க் நிறத்தில் இருக்கும். செத்துக் கிடக்கும் தொப்பைக்காரரின் வயிறு ஏறி இறங்கும். கதாநாயகி சமதரையில் மூன்று தடவை விழுவாள், கட்டிலுக்கு அடியில் ஒளியும்போது ஒரு கால் கொலுசை மட்டும் கழற்றுவாள். ஒரு காட்சியில் விரிசல் விட்ட சட்டி, அடுத்த காட்சியில் முழுசாக இருக்கும். கடைசியில் சட்டி உடையும்போது உள்ளே அவன் எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய தலையோடு இருப்பான்.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது போர்வெல் லாரியில், டிரில்லரின் செல்போனில். பிறகு முந்திரிக்காட்டுக் கொட்டகையில். ஒரு தடவை அறந்தாங்கியில் சலூன் டிவியில், பாதி சவரத்தோடு உட்கார்ந்து முடிவு வரை பார்த்தேன். சலூன்காரரும் கத்தியை வைத்துவிட்டுப் பார்த்தார். நல்ல படங்கள் எத்தனையோ வந்து போய்விட்டன. அவற்றை யாரும் இரண்டாம் தடவை போடுவதில்லை. நல்ல படத்தில் சாகிறவனைப் பார்த்தால் நம் வீட்டுச் சாவு ஞாபகம் வந்துவிடும். இதில் அந்தத் தொந்தரவு இல்லை. யார், எப்போது, எந்தக் கதவுக்குப் பின்னால் சாவார்கள் என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. வாழ்க்கையில் எல்லா இடத்திலும் கடைசியாக விஷயம் தெரிந்துகொள்கிறவனுக்கு இது பெரிய சுகம். அந்த நேரத்துக்கு நாம் மேலே இருக்கிறோம். கீழே ஒருவன் விழுகிறான். அவன் விழுவது வேடிக்கையாக இருக்கிறது.

ஐஸ் பிளாண்டில் அந்தப் படத்துக்குக் கூடுதல் மவுசு. நாள் முழுக்கக் கொக்கியோடு கிடக்கிறவர்கள் நாங்கள். கொக்கியைக் கட்டியின் மேல் விளிம்பில் கொத்தி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுக்க வேண்டும். படத்தில் அவன் கரண்டியைப் பிடிப்பது போலப் பிடித்திருப்பான். அவன் வரும்போதெல்லாம் கம்ப்ரசர் ஆபரேட்டர் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்: "இவன நம்ம பிளாண்டுல ஒரு நாள் விட்டா கட்டி இவன இழுத்துட்டுப் போயிரும்." ஒவ்வொரு தடவையும் சிரிப்போம். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கடலுக்குப் போகாது, ஐஸுக்கு வேலை இருக்காது. ஆபரேட்டர், நான், லோடு ஏற்றும் இரண்டு பேர், மீமிசல்காரர் என்று ஐந்து பேர் ஐஸ் உறையவைக்கிற தகர டப்பாக்களுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு, மத்தியானம் ஆனால் பென் டிரைவைச் சொருகி அதையே போடுவோம். வசனத்தை நாங்களே பேசுவோம்.

மீமிசல்காரருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். விசைப்படகில் ஐஸ் ரூமில் மீனை அடுக்குகிற வேலை பார்த்தவர். எல்லை தாண்டியதாக ஒரு ராத்திரி அக்கரைக் கடற்படையிடம் பிடிபட்டு, நான்கு மாதம் அங்கே சிறையில் இருந்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து கடலுக்குப் போகவில்லை, எங்களோடு கட்டி இழுத்தார். கை நடுக்கம் இருந்தது. மூத்த பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம். ஐஸ் பிளாண்ட் கூலியில் அது நடக்காது, படகுப் பங்கு வேண்டும். ஒரு விசைப்படகு டிரைவரிடம் கேட்டு வைத்திருந்தார். டிரைவர் கெட்டவரில்லை. வலை ஏறும்போது ஒருத்தன் உறைந்துபோய் நின்றால் இன்னொருத்தன் கை வலை இழுக்கிற விஞ்சில் போய்விடும் என்று காரணம் சொன்னார். தடைக்காலம் முடியட்டும், கை நடுக்கம் நின்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அதிலிருந்து மீமிசல்காரர் டீ குடிக்கும்போது கிளாஸை விளிம்பு வரை நிரப்பச் சொல்வார். சிந்தாமல் குடித்துவிட்டு எங்களைப் பார்ப்பார். ஒரு மாதமாகச் சிந்தவில்லை.

அவரும் எங்களோடு படம் பார்ப்பார், சிரிப்பார். ஆனால் ஒரு காட்சி வருவதற்கு முன் எழுந்து வெளியே போய்விடுவார். சட்டித் தலையன் இருட்டு ஹாலில் ஏழு பேரையும் சுவரோரம் நிறுத்தி, ஒவ்வொரு முகமாகப் பார்க்கிற காட்சி. இரண்டு நிமிடம் கழித்து பீடி நாற்றத்தோடு திரும்பி வருவார். இதைக் கண்டுபிடித்தது நான்தான். மனிதருக்குச் சட்டித் தலையனைக் கண்டால் பயம் என்று ஆபரேட்டரிடம் சொன்னேன். கடலில் காலம் தள்ளியவருக்கு ரோஸ் மில்க் ரத்தத்தைக் கண்டு பயமா என்று எல்லோருக்கும் பொறுக்கமுடியாத சந்தோஷம்.

தடைக்காலம் முடிய இரண்டு நாள் இருந்தது. ஒரு வாரமாக ஐஸ் போட்டு ஸ்டோர் ரூமில் கட்டிகளை அடுக்கியிருந்தோம். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, பகலிலும் கும்மிருட்டு. பிளாண்ட் வாசலில் கட்டியிருந்த திருஷ்டிச் சட்டியை ஆபரேட்டர் அவிழ்த்தார். பின்பக்கம் உடைந்திருந்ததால் என் தலை நுழைந்தது. உயரம் நான்தான் என்பதால் வேஷம் எனக்கு. கொக்கியோடு கட்டிகளுக்குப் பின்னால் நின்றேன். ஆபரேட்டர் படகில் வைக்கிற பெரிய பேட்டரி லைட்டைக் கடன் வாங்கி வந்து கதவோரம் நின்றார். லோடுமேன்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே.

மீமிசல்காரர் கட்டி எடுக்க உள்ளே வந்தார். நான் முன்னால் வந்து, படத்தில் வருகிற மாதிரி கொக்கியைத் தூக்கினேன். அவர் பயப்படவில்லை. சிரித்தார்.

"கொக்கிய நீயும் அவன மாதிரியே புடிக்கிறியே தம்பி. சட்டியக் கழட்டு, மூச்சு முட்டும்."

அப்போது ஆபரேட்டர் லைட்டை அடித்தார்.

மீமிசல்காரர் அப்படியே முட்டி போட்டார். ஈரத் தரையில், இரண்டு கையையும் பின்னந்தலையில் கோத்துக்கொண்டு. தன் பெயரைச் சொன்னார், அப்பா பெயரைச் சொன்னார், படகு நம்பரைச் சொன்னார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். வெளியிலிருந்து இரண்டு பேரும் ஓடிவந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சட்டிக்குள் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே பெரிதாகக் கேட்டது. அவர் மூன்றாம் தடவை பெயரைச் சொல்லும்போதுதான் இது சட்டிக்கான பயம் இல்லை, லைட்டுக்கானது என்று புரிந்தது. அவர் எழுந்து போகிற அந்தக் காட்சியிலும் சட்டித் தலையன் ஒவ்வொரு முகமாக டார்ச் அடித்துத்தான் பார்ப்பான். புரிந்த பிறகும் நான் உடனே நிறுத்தவில்லை. சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

லைட்டுக்குப் பின்னால் டிரைவர் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. அவர் சிரிக்கவில்லை. ஆபரேட்டர் கையிலிருந்த லைட்டை வாங்கி அணைத்தார். "எந்திரிங்க" என்று ஒரு தடவை சொன்னார். மீமிசல்காரர் எழவில்லை. டிரைவர் போய்விட்டார்.

இதுதான் நடந்தது. ரோட்டில் நடந்துகொண்டே இதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நாங்கள் எத்தனை தடவை அந்தப் படத்தைப் பார்த்திருப்போம் என்று கணக்கில்லை. சிரித்த ஏழு பேரைத் தேடித்தான் அவன் வருகிறான் என்பது முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லப்படுகிறது. எங்களில் ஒருவன்கூட அந்தப் பத்து நிமிடத்தைப் பொருட்படுத்தியதில்லை. பெயர் போடுகிற நேரம் என்று அப்போதுதான் டீ வாங்கப் போவோம்.

பின்னால் மொபெட் சத்தம் கேட்டது. மீமிசல்காரர்தான். கைலி முட்டிக்குக் கீழே இன்னும் ஈரமாக இருந்தது. என் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கொக்கியைப் பார்த்தார். படத்தில் என்றால் இந்த இடத்தில் அதைப் பிடுங்கியிருப்பார். நான் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

அவர் மொபெட்டை நிறுத்திவிட்டு, "ரொம்ப தூரம் வந்துட்டியே தம்பி" என்றார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"டிரைவர்ட்ட நீ ஒரு வார்த்த சொல்லு. நானும் சேந்துதான் நடிச்சேன்னு சொல்லு. சட்டிய நாந்தான் அவுத்துக் குடுத்தேன்னு வேணாலும் சொல்லிக்க. நாஞ் சொன்னா நம்ப மாட்டாரு. வேஷம் போட்டவன் நீ சொன்னா நம்புவாரு."

சொல்கிறேன் என்றேன். இன்றைக்கே சொல்ல வேண்டும், நாளைக்கு ஆள் பிடித்துவிடுவார் என்றார். சரி என்றேன். அவர் தன் செல்போனில் டிரைவர் நம்பரை எடுத்துக் காட்டினார், நான் என் போனில் ஏற்றிக்கொண்டேன். என்னை மொபெட்டில் ஏற்றி, கோட்டைப்பட்டினம் பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டுவிட்டுத் திரும்பிப் போனார். வண்டியை நன்றாகத்தான் ஓட்டினார், கை நடுங்கவில்லை.

நான் டிரைவரைக் கூப்பிடவில்லை. டீ குடித்த பிறகு கூப்பிடலாம் என்று நினைத்தேன். டீ குடித்தேன். கந்தர்வக்கோட்டை போகிற வழியில் கூப்பிடலாம் என்று நினைத்தேன். வந்த பஸ்களையும் விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்கு டிரைவரே கூப்பிட்டார். ஆபரேட்டரிடம் நம்பர் வாங்கியிருக்கிறார். எங்கே இருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"அவரக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லத்தான் இன்னிக்கு வந்தேன்" என்றார். பிறகு கேட்டார்: "எல்லாம் நடிப்புன்னு இப்ப சொல்றாரு. நெசமா?"

பஸ் ஸ்டாப்பில் எனக்குப் பக்கத்தில் ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை. வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் அடுத்ததையும் சொல்லிவிட்டார்: ஐஸ் ரூமுக்கு ஒரு ஆள் குறைகிறது, அவர் இல்லையென்றால் நான் வருகிறேனா?

கடல் வேலை தெரியாது என்றேன்.

"கொக்கி புடிக்கத் தெரியும்ல. மத்தது தன்னால வரும். மொதல்ல நான் கேட்டதுக்குச் சொல்லு. நடிப்பா, நெசமா?"

முந்திரிக்காட்டில் சீசன் முடிகிற நேரம். போனாலும் பத்து நாள் வேலைதான் இருக்கும் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும்.

"நடிப்பு மாதிரி தெரியலண்ணே" என்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜெகதாப்பட்டினத்தில் டிரைவரின் படகில் ஐஸ் ஏற்றினோம். பிளாண்டிலிருந்து லாரியில் வந்த கட்டிகளை மீமிசல்காரர் பலகை வழியாகத் தள்ளிவிட்டார். அவருக்கு அன்றும் பிளாண்ட் வேலைதான். நான் கீழே ஐஸ் ரூமில் நின்று வாங்கினேன். ஆபரேட்டர் லாரி மேலே நின்று, "மச்சான், கரண்டி மாதிரி புடிக்காத" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

மீமிசல்காரர் பலகைக்கு மேலிருந்து குனிந்து என்னைப் பார்த்தார்.

"சொன்னியா?"

"சொன்னேண்ணே. அவரு கேக்கல."

அவர் தலையை ஆட்டினார். பிறகு, தரை வழுக்கும், காலைப் பார்த்து வை என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டியைத் தள்ளினார். நான் கொக்கியை அதன் மேல் விளிம்பில் கொத்தி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தேன்.